படகின் பின்பலகை

அலுமினியம் துருப்பிடிக்காது. ஆனால் மின்னசோட்டா ஏரிகளில் ஓடும் பழைய அலுமினிய மீன்பிடிப் படகுகளின் பின்தகட்டில் மரப்பலகை ஒன்று உண்டு. மோட்டாரின் பாரமெல்லாம் அதன் மேல்தான். போல்ட் துளை வழியே கசியும் நீர் அதை மெல்ல மக்கவைக்கும். கழற்றினால் கறுத்த சக்கையாக உதிரும். அந்தச் சக்கையையும் பத்திரமாக எடுத்துவைப்பார்கள்: புதுப்பலகைக்கு அளவு அதுதான்!

முக்கால் அங்குல மரைன் பிளைவுட் இரண்டை எபாக்சியால் ஒட்டுவார்கள். அடுத்த வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. துளையைப் பெரிதாகப் போட்டு, எபாக்சியால் நிரப்பி, இறுகியபின் அதன் நடுவே சரியான அளவில் மறுபடி துளைப்பார்கள். இனி போல்ட்டைச் சுற்றி நீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. செம்பு மருந்தேற்றிய பலகையை மட்டும் வைக்கவே கூடாது. ஈரத்தில் அது அலுமினியத்தையே அரித்துவிடும்.