கட்டிலுக்கு அடியில் காற்று

ஓய்வுபெற்ற தம்பதிக்குப் படுக்கையறை என்றால் பேராவூரணியிலும் இப்போது அடியில் பெட்டி வைத்த பிளைவுட் கட்டிலைத்தான் காட்டுகிறார்கள். என் கட்சி, நாலு கால் உள்ள பழைய தேக்குக் கட்டில். கடலுக்குப் பக்கத்துத் தென்னை நாடு இது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மூடிய பெட்டிக்குள் போர்வை பூசணம் பிடிக்கும், பிளைவுட் உப்பும். காலுள்ள கட்டிலுக்கு அடியில் காற்று ஓடும், துடைப்பம் போகும், உருண்ட மாத்திரையும் கண்ணில் படும். சட்டம் ஆடினால் ஆசாரி ஆப்பு அடித்து இறுக்கிவிடுவார்.

சாமான் எங்கே வைப்பது என்பது நியாயமான கேள்விதான். பரண் ஏறும் வயதில்லை. ஆனால் பெட்டியைத் திறக்க மெத்தையைத் தூக்க வேண்டுமே, 70 வயதில் யார் தூக்குவது? இடுப்பளவு அலமாரி போதும். பழைய கட்டில் உயரம் என்பார்கள். உண்மை, அதன்மேல் 6 அங்குல மெத்தை போட்டால் கால் அந்தரத்தில் தொங்கும். மெலிதான இலவம்பஞ்சு மெத்தையோடு சேர்த்து 18 அங்குலம் கணக்கு. மிஞ்சினால் கட்டில் காலை அறுக்கலாம். அறுத்ததை ஒட்ட முடியாது என்பதால் இருவரில் குட்டையானவரை உட்காரவைத்து அளக்க வேண்டும். 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பின் மின்சாரமில்லாத இரவுகளை இந்த ஊர் மறந்திருக்காது; ஏசி இருந்தாலும் எதிரெதிர் சன்னல் இருக்கட்டும். கட்டிலைச் சுவரோடு ஒட்டாமல் இருபுறமும் வழி விட்டால், நள்ளிரவில் எழுகிறவர் மற்றவரைத் தாண்ட வேண்டியதில்லை.