பெயர் மறைந்தும் வேம்பு மறையாமை: இணையக் காணொளித் தேடலும் அகமரபும்

முன்னுரை

பாடத்திற்கும் ஆய்வுக்கும் உரிய காணொளிகளை இணையத்தில் தேடிக் கண்டடைவது இன்று தமிழாசிரியரின் அன்றாடப் பணிகளுள் ஒன்றாகிவிட்டது. தெருக்கூத்துப் பதிவு, பழைய மேடைப் பேச்சு, கல்வெட்டறிஞரின் உரை ஆகியவற்றைப் பெற முன்னர்க் கடல் கடந்து செல்ல வேண்டியிருந்தது. இப்போது அவை பினாங்குத் தீவின் மலைக்கு அப்பாலுள்ள பாலிக் புலாவிலும் சில நொடிகளில் கிட்டுகின்றன. இவ்வசதியைக் குறைகூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. தேடுபவர் தம் அகவாழ்வை விலையாகக் கொடுக்காமல் புதியன காண இயலுமா என்பதே நாங்கள் எழுப்பும் வினா. இதனை ஆராய்வதற்குரிய அளவுகோல் ஒன்று தமிழ் அக இலக்கிய மரபிலேயே உண்டு என்பது எங்கள் துணிபு.

பயிலரங்கில் நேர்ந்தது

டுரியான் பருவமொன்றில், பாலிக் புலாவில் ஆசிரியர் சிலர் கூடிய சிறு பயிலரங்கில்தான் இவ்வினா எங்களுக்குத் தோன்றியது. கூத்துப் பதிவொன்றைக் காட்டுவதற்காக எங்களுள் ஒருவர் தம் மடிக்கணினியைத் திரையுடன் இணைத்து, ஒரு காணொளித் தளத்தைத் திறந்தார். தேடுசொல்லைத் தட்டச்சு செய்வதற்கு முன்னரே தளத்தின் முகப்பு திரையில் விரிந்தது. சிறுநீரக நோயாளிக்கு ஏற்ற உணவு, இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்வோரின் அனுபவம், உறுப்புக் கொடை பற்றிய விளக்கம் எனப் பரிந்துரைகள் வரிசையாக நின்றன. தம் இல்லத்து நோயைப் பற்றி அவர் எவரிடமும் கூறியதில்லை. திரையிலும் எவர் பெயரும் இல்லை. ஆயினும் அறையில் இருந்த அனைவருக்கும் செய்தி விளங்கிவிட்டது. தேநீர் வேளையில் ஒருவர், "வீட்டில் யாருக்கு ஐயா?" என்று மெல்லக் கேட்டார். அக்கேள்வியில் இருந்தது அன்பே. எனினும், சொல்வதா வேண்டாவா என்று முடிவு செய்யும் உரிமை அதற்குள் அவர் கையை விட்டுப் போயிருந்தது.

அகமரபு தரும் அளவுகோல்

அன்பின் ஐந்திணையில் வரும் மாந்தரை இன்னார் எனப் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பிய அகத்திணையியல் வகுக்கும் விதி. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்னும் பொதுச்சொற்களே அங்கு வழங்குகின்றன. ஒருவரின் உணர்வை அனைவர்க்கும் பொதுவாக்குவதே இவ்விதியின் பயன் எனத் திறனாய்வாளர் விளக்குவர். அது பொருத்தமான விளக்கமே. ஆயின், ஊர்ப்பேச்சாகிய அலரை அகப்பாடல்கள் எத்துணைத் துன்பமாகச் சித்திரிக்கின்றன என்பதை எண்ணினால், பெயர் சுட்டாமைக்குக் காவல் என்னும் பயனும் உண்டு எனக் கொள்ளலாம்.

இவ்விதியின் நுட்பத்தை நன்கு காட்டுவது நக்கீரர் பாடிய நெடுநல்வாடை. 188 அடிகளைக் கொண்ட இப்பாட்டில், அரண்மனையில் அரசி பிரிவால் வருந்துகிறாள். பாசறையில் அரசன் நள்ளிரவிலும் துயிலாது திரிகிறான். இருவர்க்கும் பெயர் தரப்படவில்லை. ஆனால் பாசறைக் காட்சியில், தலையில் வேம்பு கட்டப்பட்ட வேல் ஒன்று இடம்பெறுகிறது. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. அதனைச் சுட்டியே உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இப்பாட்டு அகமாகாது என்றார். அவர் கருத்தை ஏலாது, இதனை அகப்பாட்டாகவே கொண்ட அறிஞரும் உளர். அவ்விவாதத்தின் முடிவு எதுவாயினும், உரையாசிரியர் கண்ட உண்மை நமக்கு இன்றியமையாதது. பெயரை நீக்குவதால் மட்டும் ஆள் மறைந்துவிடுவதில்லை. ஆளைக் காட்டிக்கொடுக்க அடையாளம் ஒன்றே போதும். பயிலரங்கின் திரையில் தோன்றிய பரிந்துரைகளும் அத்தகைய வேம்பே.

கணினியியல் கண்ட வேம்பு

இதே உண்மையைக் கணினியியல் அண்மைக் காலத்தில்தான் மெய்ப்பித்தது. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் தன் திரைப்படப் பரிந்துரை முறையை மேம்படுத்த 2006 ஆம் ஆண்டில் ஒரு மில்லியன் டாலர் பரிசுப் போட்டியை அறிவித்தது. அதற்காக ஏறத்தாழ 480,000 வாடிக்கையாளர் வழங்கிய 100 மில்லியன் படமதிப்பீடுகளைப் பெயர்களை நீக்கி வெளியிட்டது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற அரவிந்த் நாராயணனும், டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் விட்டாலி ஷ்மாட்டிக்கோவும் அத்தரவை ஆராய்ந்து 2008 ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். ஒருவர் மதிப்பிட்ட எட்டுப் படங்களும், 14 நாள் வரை பிழைபடக்கூடிய தேதிகளும் தெரிந்தால் போதும். எட்டில் இரண்டு முற்றிலும் தவறாக இருப்பினும், 99 விழுக்காட்டுப் பதிவுகளைத் தனித்து அடையாளம் காணலாம் என அவர்கள் காட்டினர். இரண்டாவது போட்டி நடத்தும் திட்டத்தை அந்நிறுவனம் 2010 ஆம் ஆண்டில் கைவிட்டது.

சட்டம் இச்சிக்கலை ஓரளவே தொடுகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றப் பதவிக்கு முன்மொழியப்பட்ட ராபர்ட் போர்க் வாடகைக்கு எடுத்த படங்களின் பட்டியலை 1987 ஆம் ஆண்டில் ஓர் இதழ் வெளியிட்டது. அதன் விளைவாக 1988 ஆம் ஆண்டில் அந்நாட்டில் காணொளித் தனியுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. மலேசியாவின் 2010 ஆம் ஆண்டுத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. வணிகப் பரிமாற்றங்களுக்கு உரிய அச்சட்டம், உடல்நலச் செய்தியைத் தனிக் கவனத்திற்குரிய தரவாக வகைப்படுத்தி, அதனைக் கையாள வெளிப்படையான இசைவைக் கோருகிறது. ஆயினும் எங்கள் நண்பர் எவரிடமும் உடல்நலச் செய்தி எதனையும் தரவில்லை. சில காணொளிகளைப் பார்த்தார், அவ்வளவே.

ஆள்வழியும் பொருள்வழியும்

யூடியூப் தளம் 2012 ஆம் ஆண்டில், காணொளி எத்தனை முறை திறக்கப்பட்டது என்பதைவிட எவ்வளவு நேரம் பார்க்கப்பட்டது என்பதற்கு முதன்மை தரத் தொடங்கியது. அத்தளத்தின் பொறியாளர் 2016 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, பயனர் பார்த்தவை, தேடியவை, அவர் இருக்கும் வட்டாரம் முதலியன பரிந்துரைக்கு அடிப்படையாவதை விளக்குகிறது. 2023 ஆகஸ்டு முதல், பார்வை வரலாற்றை நிறுத்தியவர்க்கு, முன்வரலாறும் போதிய அளவு இல்லையெனில், முகப்பில் பரிந்துரைகள் காட்டப்படுவதில்லை.

தம்மைப் பற்றி எதுவும் தெரிவிக்காதவர்க்கு எதனைப் பரிந்துரைப்பது என்று வினவலாம். இவ்வாதம் முறையானதாகத் தோன்றினும், பரிந்துரை ஆளைச் சார்ந்தே அமைய வேண்டும் என்பதை ஐயமின்றி எடுத்துக்கொள்கிறது. நல்ல நூலகர் அவ்வாறு செய்வதில்லை. கூத்தைப் பற்றிக் கேட்டவர்க்குக் கூத்தைப் பற்றிய நூல்களையே எடுத்துத் தருகிறார். கேட்டவர் வீட்டு நோயை அவர் அறிய வேண்டியதில்லை. முன்னதை ஆள்வழிப் பரிந்துரை எனவும், பின்னதைப் பொருள்வழிப் பரிந்துரை எனவும் வேறுபடுத்தலாம். ஆள்வழிப் பரிந்துரையால் நாம் எதிர்பாராத நல்ல பதிவுகளைக் கண்டதும் உண்டு, அதனை மறுக்கவில்லை. ஆனால் பொருள்வழியே தேடும் பயிற்சி ஆய்வாளர்க்கு உரிய பயிற்சி. அதனை இழந்தது தனியுரிமை இழப்பினும் சிறியதன்று.

எனவே ஆசிரியர்க்குச் சில நடைமுறைகளை முன்வைக்கிறோம். முதலாவது, சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற நிறுவனங்களின் உரைப்பதிவுகளை அவற்றின் பக்கங்களுக்கே சென்று தேடுதல். இரண்டாவது, விரும்பும் அலைவரிசைகளின் புதிய பதிவுகளைச் செய்தியோடை வழியாகப் பெறுதல். இதற்குக் காணொளித் தளத்தில் கணக்குத் தேவையில்லை. மூன்றாவது, வகுப்பிற்குத் தனி உலாவியைப் பயன்படுத்தி, காட்டவேண்டிய காணொளியின் இணைப்பை நேரடியாகத் திறத்தல். நான்காவது, தேர்ந்த காணொளிகளின் பட்டியலைப் பொருள்வாரியாகத் தொகுத்து ஆசிரியர் தமக்குள் பகிர்தல்.

உலாவியின் மறைசாளரத்தை மட்டும் நம்புதல் போதாது. அது நம் கணினியில் வரலாறு தங்காமல் செய்யுமேயன்றி, தளத்திற்கும் இணையச் சேவை வழங்குநர்க்கும் நம்மை மறைப்பதில்லை. அது பெயரை நீக்குகிறது, வேம்பை நீக்குவதில்லை.

முடிவுரை

மேற்கூறிய நடைமுறைகளும் வேம்பை முற்றிலும் அகற்றிவிடும் எனக் கூறுவதற்கில்லை. எட்டுப் படங்களே ஒருவரைக் காட்டிக்கொடுக்கும் எனில், தனியொருவரின் எச்சரிக்கைக்கு எல்லை உண்டு. எஞ்சிய பொறுப்பு சட்டத்திற்கும் தளங்களை நடத்துவோர்க்கும் உரியது. எனினும் ஆசிரியர் செய்யக்கூடியதும் உண்டு. பரிந்துரைப் பட்டியலைத் திரையில் காணும் மாணவர்க்கு, அப்பட்டியல் எதனைக் கொண்டு அமைந்தது என விளக்க நெடுநல்வாடைப் பாடவேளையே தக்க இடம். நச்சினார்க்கினியர் ஏன் ஒரு பூவிற்காக ஒரு பாட்டின் திணையையே மாற்றிக் கருதினார் என்று வினவித் தொடங்கலாம். எங்கள் நண்பர் அடுத்த பயிலரங்கிற்கு வந்தபோது கூத்துப் பதிவின் இணைப்பைத் தாளில் எழுதிக் கொண்டுவந்தார். அன்று திரையில் கூத்து மட்டுமே தோன்றியது.