செல்போனில் குவியும் கூப்பன் காணையில் செல்லுமா?

பணம் செலுத்தும் செயலிகளின் வேகம், பாதுகாப்பு பற்றியெல்லாம் நிறைய எழுதியாகிவிட்டது. அவற்றின் ஒரு மூலையில் இருக்கும் 'ரிவார்ட்ஸ்' பக்கத்தைத் தனிக் கருவியாக எடுத்துப் பரிசோதித்தவர்கள் குறைவு. பால், பருப்பு, சோப்பு என்று அன்றாடம் வாங்கும் குடும்பத்துக்கு அந்தப் பக்கம் எவ்வளவு மிச்சம் பிடித்துத் தருகிறது என்பதுதான் இங்கே கேள்வி. சென்னை வேளச்சேரியில் உட்கார்ந்து பார்த்தால் கிடைக்கும் விடை வேறு. விழுப்புரத்திலிருந்து கண்டாச்சிபுரம் வழியாகத் திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கும் காணையில் நின்று பார்த்தால் கிடைக்கும் விடை வேறு. கியூஆர் அட்டையும் பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் பெட்டியும் இப்படிப்பட்ட ஊர்க் கடைகளுக்கும் வந்துவிட்டன. கூப்பனும் கூடவே வந்திருக்கிறது. ஆனால் அதைப் பயன்படுத்த ஆகும் மெனக்கெடல் ஊருக்கு ஊர் மாறுகிறது. யாருக்குக் காசு அதிகம் தேவையோ அவருக்கே மெனக்கெடலும் அதிகம் என்பதுதான் இந்த வசதியின் பெரிய குறை.

மளிகைக்கடையில் 180 ரூபாய் செலுத்தியதும் திரையில் ஒரு பரிசுப்பெட்டி வருகிறது. தொட்டால், பெரும்பாலும் அந்தக் கடைக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு பிராண்டின் கூப்பன்: முகத்துக்குப் பூசும் சீரம், வயர் இல்லாத இயர்போன், ஜோதிட ஆலோசனை, ஓடிடி சந்தா. 'ஐம்பது சதவீதம் தள்ளுபடி' என்பது பெரிய எழுத்தில். குறைந்தபட்சம் இவ்வளவுக்கு வாங்க வேண்டும், புதிய வாடிக்கையாளருக்கு மட்டும், இத்தனை தேதிக்குள் என்பதெல்லாம் 'விவரங்கள்' என்ற இடத்தைத் தட்டினால்தான் தெரியும். செயலியைத் தமிழுக்கு மாற்றிக்கொண்டாலும் இந்த நிபந்தனைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. குறியீட்டை நகலெடுத்து அந்த நிறுவனத்தின் தளத்துக்குப் போனால் செல்போன் எண் கேட்கும், ஓடிபி வரும், பின்கோடு கேட்கும். கிராமத்துப் பின்கோட்டுக்கு அனுப்புவதில்லை என்ற விஷயம் இத்தனையும் முடிந்த பிறகுதான் தெரியவரும். பின்கோட்டை முதலிலேயே சரிபார்த்துவிட்டு, இந்த ஊரில் செல்லாத கூப்பனைக் காட்டாமலே விடுவது இந்தச் செயலிகளுக்குப் பெரிய வேலை இல்லை. ஆனாலும் அதைச் செய்வதில்லை.

ஏன் இப்படி என்பதற்குக் காரணம் இருக்கிறது. 2017 செப்டம்பரில் கூகுள் தன் பணம் செலுத்தும் செயலியை 'தேஸ்' என்ற பெயரில் இந்தியாவில் இறக்கியபோது ரொக்கமே பரிசாக வந்தது. ஆளைச் சேர்ப்பதற்காகக் கையிலிருந்து செலவழித்த காலம் அது. 2020 ஜனவரி 1 முதல் யுபிஐ பரிவர்த்தனைக்கு வணிகரிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்று அரசு விதித்தது. சிறு கடைக்காரருக்கு அது பெரிய நன்மை. ஆனால் பணம் செலுத்தும் வேலையில் செயலிக்கு நேரடி வருமானம் இல்லாமல் போனது. எனவே பரிசுப்பெட்டி இருந்த இடம் விளம்பரம் ஒட்டும் இடமாக மாறியது. வேறு வழியிலும் காசு வாங்குகிறார்கள்: செல்போன் ரீசார்ஜுக்கு போன்பே 2021லிருந்தும் கூகுள் பே 2023லிருந்தும் சிறு கட்டணம் பிடிக்கத் தொடங்கின. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் என்பதால் யாரும் கவனிப்பதில்லை. அதே ரீசார்ஜைத் தொலைபேசி நிறுவனத்தின் சொந்தச் செயலியில் செய்தால் அந்தக் கட்டணம் பெரும்பாலும் இருக்காது. கூப்பன் தேடும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு போதும், இந்த மிச்சத்தைப் பிடிக்க.

தமிழ்நாட்டுப் பயனருக்கு ஒரு தனிப்பட்ட வித்தியாசமும் உண்டு. விரலால் சுரண்டினால் அதிர்ஷ்டத்துக்கு ஏற்பத் தொகை வரும் அட்டை இங்கே பொருந்தாது என்று போன்பேயின் நிபந்தனைகளே சொல்கின்றன. தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம், 1979 என்பதை அவை காரணமாகக் காட்டுகின்றன. அதற்குப் பதிலாக, தரப்படுவதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகைச் சலுகை இங்கே வரும். மற்ற மாநிலத்தாருக்குக் கிடைப்பது நமக்கு இல்லையே என்று சிலர் குறைப்படுவதுண்டு. எனக்கு இந்தச் சட்டம் நல்லது செய்திருப்பதாகவே படுகிறது. எவ்வளவு வரும் என்று தெரியாத பரிசுதான் மனிதரைத் திரும்பத் திரும்பத் திரையைத் தொட வைக்கிறது. அந்த ஆசையை எடுத்துவிட்டால் மீதி இருப்பது வெறும் தள்ளுபடி. அதை எடை போட்டுப் பார்க்கலாம்.

அப்படியே போட்டுப் பார்ப்போம். 2022-23 தேசியக் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, தமிழகக் கிராமத்தில் ஓர் ஆளின் சராசரி மாதச் செலவு 5,310 ரூபாய். நான்கு பேர் குடும்பத்துக்கு 21,000 சொச்சம். இதில் கூப்பன் எட்டக்கூடிய பகுதி எது? அரிசி, காய்கறி, மீன், முட்டை, பஸ், மருத்துவம், பள்ளிச் செலவு ஆகியவற்றுக்கு அது எட்டாது. நாடு முழுக்கக் கிராமங்களில் பானங்கள், பதப்படுத்திய உணவு வகைகளுக்குப் போவது மொத்தச் செலவில் 9.62 சதவீதம், டீக்கடை, ஓட்டல் செலவும் அதற்குள்தான். அந்த விகிதத்தை இங்கே பொருத்தினால் மாதம் 2,000 ரூபாய். அத்தனைக்கும் ஐந்து சதவீதம் தள்ளுபடி கிடைத்துவிட்டதாகத் தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் மிச்சம் 100 ரூபாய்தான். சோப்பு, சலவைத்தூளைச் சேர்த்தால் கொஞ்சம் கூடும். இனி உழைப்பின் பக்கம். 2025-26ல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42. கூப்பன் பார்க்கத் தினம் ஐந்தே நிமிடம் போனால் மாதத்துக்கு இரண்டரை மணி நேரம், அதாவது 105 ரூபாய்க்கான உழைப்பு. மிகத் தாராளமான கணக்கிலேயே வரவும் செலவும் சரிக்குச் சரியாக நின்றுவிடுகின்றன.

'ஓய்வு நேரத்தில் பார்ப்பதற்குக் கூலிக் கணக்கு எதற்கு? சும்மா வருவதை ஏன் விட வேண்டும்?' என்று கேட்கலாம். சும்மா வருவதாக இருந்தால் நியாயமான கேள்விதான். 1984ல் சக்கரவர்த்தி நரசிம்மன் 'மார்க்கெட்டிங் சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாக்குகிறது: விலையைப் பற்றிக் கவலைப்படுகிறவரையும் கவலைப்படாதவரையும் பிரித்து, இரண்டு விலைக்கு விற்பதற்கான கருவியே கூப்பன். மெனக்கெடுகிறவருக்குக் குறைந்த விலை, மெனக்கெடாதவருக்கு முழு விலை. ஆக மெனக்கெடல் தவறுதலாக வந்த தொல்லை அல்ல. அது இல்லாமல் அந்த ஏற்பாடே வேலை செய்யாது. இன்னொரு செலவும் உண்டு. வீட்டுக்கு வேண்டிய சாமான் 380 ரூபாய்க்கு. கூப்பனோ குறைந்தது 499க்கு வாங்கினால் 50 குறையும் என்கிறது. 119 ரூபாய்க்கு பிஸ்கட்டோ ஷாம்போ சேர்த்தால் கொடுப்பது 449. ஐம்பது லாபம் என்று திரை காட்டும், பையிலிருந்து 69 கூடுதலாகப் போயிருக்கும். மக்களுக்குக் கூப்பன் பிடித்திருக்கிறதே என்பதற்கு அமெரிக்காவின் ஜே.சி.பென்னி கடைகளைச் சுட்டுவார்கள். 2012ல் அவர்கள் கூப்பனையும் தள்ளுபடி விற்பனையையும் நிறுத்தி எப்போதும் ஒரே நேர்மையான விலை என்றார்கள். அந்த ஆண்டு விற்பனை சுமார் கால்பங்கு சரிந்து, அடுத்த ஆண்டே தலைமை அதிகாரி வெளியேற நேர்ந்தது. தள்ளுபடி தரும் திருப்தி எவ்வளவு வலுவானது என்பதை அது காட்டுகிறது. அந்த வாடிக்கையாளர்கள் முன்பு உண்மையில் மிச்சம் பிடித்தார்களா என்பது வேறு கேள்வி.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. மாதக் கடைசியில் 20 ரூபாயும் பெரிய காசாக இருக்கும் வீட்டுக்கு, இதெல்லாம் வேண்டாம் என்று வசதியுள்ளவர் சொல்வது சரியா? சரியில்லை. அதனால்தான் எந்தக் கூப்பன் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. எப்படியும் வாங்கப்போகிற பொருளுக்கு, குறைந்தபட்சத் தொகை இல்லாமல், கடையிலேயே கழிக்கக்கூடியதாக இருந்தால் ஒரு ரூபாய் ஆனாலும் விடக்கூடாது. சென்னையில் ஆவின் மாதப் பால் அட்டை நல்ல முன்மாதிரி: தினமும் வாங்கும் பால், தெரிந்த விலைக்குறைப்பு, மாதம் ஒரே முறை வேலை. செயலிகளில் வரும் கூப்பனில் அப்படிப்பட்டது அபூர்வம். அதே மெனக்கெடலைக் காணைக்காரர் வேறு இடத்தில் போட்டால் பலன் அதிகம். ரேஷன் கடையில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளி விலையோடு ஒப்பிட்டால் இந்த இரண்டில் மட்டும் மாதம் 150 ரூபாய்க்குக் குறையாமல் மிஞ்சும். 'இன்று சரக்கு வரவில்லை' என்ற பதில் வந்ததால் இரண்டாவது முறை நடப்பது கூப்பன் தேடுவதைவிட நல்ல கூலி தரும் வேலை. 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. விழுப்புரம் உழவர் சந்தைக்கு ஒரு நடை போய் வந்தால் கூப்பன் தொடவே தொடாத காய்கறிச் செலவு குறைகிறது. தெருமுனை மளிகைக்கடையின் பாக்கி நோட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கூலி வரும்வரை வட்டி இல்லாமல் சாமான் தருகிற அந்த வசதிக்கு ஈடான கூப்பனை எந்தச் செயலியும் இதுவரை தந்ததில்லை.

ஆகவே அன்றாடச் சாமான் வாங்கும் கருவியாக இந்தப் பக்கத்துக்கு என் மதிப்பெண் குறைவுதான். பணம் செலுத்தும் வசதியோடு செயலி இருக்கட்டும். சலுகை அறிவிப்புகளை மட்டும் அமைப்புகளில் அணைத்துவிடலாம். ஆன்லைனில் வாங்கும்போது தள்ளுபடி சதவீதத்தைப் பார்க்காமல், பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் ஒரு கிராம், ஒரு மில்லி விலையைத் தெருக்கடைப் பொட்டலத்தோடு ஒப்பிட வேண்டும். 'இன்னும் பத்து நிமிடம்தான்' என்று பொய்யாக ஓடும் கடிகாரமும், கேட்காமலே கூடையில் நுழையும் பொருளும் 2023 நவம்பர் 30ல் அறிவிக்கப்பட்ட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய வழிகாட்டுதல்களின்படி தடை செய்யப்பட்டவை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். கூப்பன் திரை, அதன் நிபந்தனைத் திரை, கடைசி பில் திரை மூன்றையும் அப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்; சலுகைக் காலம் முடிந்துவிட்டால் நிபந்தனைப் பக்கம் செயலியில் கிடைக்காமல் போகலாம்.