பலகணி என்றால் பல கண்

காற்று வரும் வழி என்பதால் காலதர். பல கண் உடையது என்பதால் பலகணி. நம் மொழியில் சன்னலுக்கு இப்படி அழகான பெயர்கள் உண்டு. ஆனால் பலகணி என்ற சொல்லின் முழு அழகும் எனக்கு விளங்கியது நம்மூர் வீடுகளில் அல்ல. காத்மாண்டு தர்பார் சதுக்கத்தில்தான்.

நேபாளத் தலைநகரின் பழைய இதயம் அது. மல்ல மன்னர்களும் அவர்களுக்குப் பின் ஷா மன்னர்களும் ஆண்ட அனுமான் தோகா அரண்மனை, அதைச் சுற்றி அடுக்குக் கூரைக் கோயில்கள். 1979-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் 7 இடங்களில் இதுவும் ஒன்று. விடியற்காலையில் போனால் சுற்றுலாக் கூட்டம் இராது. புறாக்கள் இருக்கும். செண்டுமல்லி மாலை கட்டுபவர்கள் இருப்பார்கள். தட்டில் குங்குமமும் அரிசியும் ஏந்திய பெண்கள் ஒவ்வொரு சந்நிதியாய்த் தொட்டுக் கும்பிட்டுப் போவார்கள். கூரைகளை அண்ணாந்து பார்ப்பதுதான் எல்லாருக்கும் வழக்கம். நான் கூரைக்குக் கீழே, சன்னல்களில் நின்றுவிட்டேன்.

இந்தப் பள்ளத்தாக்கின் நேவார் இனத் தச்சர்களின் கைவேலை அவை. நேவார் மொழியில் ஜ்யா என்றால் சன்னல். பின்னல் வேலை செய்த சன்னலை டிக்கிஜ்யா என்கிறார்கள். விரல் பருமனுள்ள மரச் சட்டங்களில் காடி வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்துச் செய்வது. ஆணி இல்லை, பசை இல்லை. ஒரு சட்டம் அடுத்ததைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. உறுதியான சால மரத்தில் இத்தனை நுணுக்கமா என்று வியப்பு வரும். சன்னலின் நிலைச்சட்டங்கள் திறப்பின் அளவோடு நின்றுவிடுவதில்லை. மேல் சட்டமும் கீழ் சட்டமும் இருபுறமும் செங்கல் சுவருக்குள் நீண்டு செல்கின்றன. மைதீட்டி வாலிட்ட கண்ணைப் போல இருக்கிறது ஒவ்வொன்றும். உள்ளே இருப்பவருக்குத் தெரு முழுவதும் தெரியும். தெருவில் போகிறவருக்கு இருட்டு மட்டுமே தெரியும். பார்ப்பதற்கென்றே செய்த சன்னல், பார்க்கப்படுவதற்கு அல்ல.

அந்த மறைப்பை விலக்கிவிட்டு இரண்டு பேர் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கிறார்கள்: சிவனும் பார்வதியும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நேபாள ஷா வம்சத்துப் பகதூர் ஷா கட்டியதாகச் சொல்லப்படும் கோயில் அது. கோயில் போலவே இல்லை, மாடிவீடு போல இருக்கிறது. வாசலில் இரண்டு கல் சிங்கங்கள். மாடிச் சன்னலில் வண்ணம் பூசிய மரச் சிற்பங்களாய் அம்மையும் அப்பனும். நம்மூரில் கருவறை இருட்டில் விளக்கொளியில் இறைவனைத் தேடிப் போய்ப் பார்க்கிறோம். இங்கோ, தேர் வரும் ஓசை கேட்டு மாடிக்கு வந்து நிற்கும் வீட்டுக்காரத் தம்பதியைப் போல இருவரும் நிற்கிறார்கள். கீழே காய்கறி வாங்கிப் போகிறவர் முதல் பள்ளிக்கு ஓடும் பிள்ளை வரை எல்லாரும் அவர்கள் பார்வைக்குள்தான். தரிசனத்தைத் திருப்பிப் போட்ட அந்தச் சிற்பியின் மனத்தை எண்ணி எண்ணி மகிழ்ந்தேன்.

அடுத்தது குமாரி இல்லம். காத்மாண்டுவின் கடைசி மல்ல மன்னர் ஜயப்பிரகாச மல்லர் 1757-இல் கட்டியது. பௌத்தர்களான சாக்கியர் குலத்தில் பிறந்த சிறுமியைத் தலேஜு அம்மனின் வடிவமாக இந்துக்களும் பௌத்தர்களும் சேர்ந்து வணங்கும் வீடு. இங்கே கீழ்த்தளச் சன்னல்களின் மேல்சட்டத்தில் சிரிக்கும் மண்டையோடுகள். கண்ணை மேலே உயர்த்தினால் தெய்வங்கள், புறாக்கள், மயில்கள். அச்சத்தில் தொடங்கி அழகில் போய் முடிகிறது சுவர். முற்றத்தில் காத்திருந்தோம். குமாரி எனப்படும் அந்தச் சிறுமியைப் படம் எடுக்கக் கூடாது. அது நல்லதாயிற்று, எல்லாருடைய கையும் சும்மா இருந்தது, கண் மட்டுமே வேலை செய்தது. மாடிச் சன்னலில் செவ்வாடை தெரிந்தது. நெற்றியோரம் வரை மை நீட்டிய இரண்டு கண்கள் எங்களைப் பார்த்தன. சில நொடிதான். சன்னல் வெறுமையானது. முற்றத்தில் யாரும் உடனே பேசவில்லை.

இன்னொரு பின்னலுக்குப் பின்னால் சுவேத பைரவரின் பிரம்மாண்டமான பொன்முகம் இருக்கிறது. ஆண்டு முழுவதும் மறைந்திருக்கும் அந்த முகம் இந்திர ஜாத்திரை விழாவில்தான் திறக்கப்படும். அன்று அதன் வாயிலிருந்து அரிசி மது வழிய, இளைஞர்கள் முண்டியடித்துப் பிடித்துக் குடிப்பார்கள். மற்ற நாட்களில் மரக் கண்ணிகளின் இடுக்கில் ஒரு துளிப் பொன் மின்னும், அவ்வளவுதான். கொஞ்சமாய்க் காட்டுவதும் ஒரு கலை என்று அந்தச் சன்னல் கற்றுத்தந்தது.

2015 ஏப்ரல் 25-ஆம் நாள் நிலநடுக்கத்தில் இந்தச் சதுக்கம் பெரிதும் சிதைந்தது. ஒன்பது படிப் பீடத்தின் மேல் நின்ற மாஜு தேகா கோயில் சரிந்து பீடம் மட்டும் மிஞ்சியது. காஷ்டமண்டபமும் விழுந்தது, அதனுள் இருந்த உயிர்களும் போயின. காஷ்டம் என்றால் மரம். நகருக்குப் பெயர் தந்ததே அந்த மர மண்டபம்தான். மக்கள் இடிபாடுகளுக்குள் இருந்து செதுக்கிய மரங்களைப் பொறுக்கி எடுத்தார்கள். பயன்படும் பழைய மரங்களைப் புது மரங்களோடு சேர்த்துக் கோயில்களை எழுப்பினார்கள். காஷ்டமண்டபம் 2022-இல் மீண்டும் எழுந்து நின்றது. இன்று அங்கே கறுத்த பழைய மரத்தின் அருகில் வெளிறிய புது மரத்தைப் பார்க்கலாம். நிறம்தான் வேறு, காடி வெட்டும் கை அதே கைதான். ஒரு கலை உயிரோடு இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

காத்மாண்டு போகிறவர்கள் இந்தச் சதுக்கத்தை அரைமணி நேரத்தில் சுற்றி முடித்துவிட வேண்டாம். ஒரே ஒரு சன்னலைத் தேர்ந்துகொண்டு அதன் கீழே பொறுமையாக நில்லுங்கள். நீங்கள் அதைப் பார்க்கத் தொடங்கும் முன்பே அது உங்களைப் பார்க்கத் தொடங்கியிருக்கும்.