பதினாறுக்குப் பதினாறில் பாரதி

தமிழில் பிக்ஸல் ஓவியத்துக்கு மிகத் தோதான முகம் பாரதியுடையது. வெள்ளை முண்டாசு, முறுக்கிய மீசை, நெற்றிப் பொட்டு, கறுப்புக் கோட்டு. இந்த நாலும் இருந்தால் போதும், மூக்கு வாய்கூட வேண்டாம், ஆள் யாரென்று தெரிந்துவிடும். எட்டயபுரத்துக்காரன் என்பதால் சுவர் சுவராக இந்த நாலையும் பார்த்தே வளர்ந்தேன். பிக்ஸல் ஓவியத்துக்கென்று எந்த மென்பொருளை இறக்கினாலும் என் சோதனை ஒன்றுதான்: 16க்கு 16 கட்டம், நாலு நிறம், அதற்குள் பாரதி. வெள்ளை, கறுப்பு, சிவப்பு, தோல்நிறம். பின்னணிக்கும் இதில் ஒன்றைத்தான் எடுத்தாக வேண்டும். மொத்தம் 256 புள்ளி. கணினிக் கணக்கில் 64 பைட்.

எந்த மென்பொருள் நல்லது என்று கேட்டால் வசதிகளின் பட்டியல்தான் பதிலாக வருகிறது. லேயர் இருக்கா, அனிமேஷன் வருமா, விலை என்ன. எனக்கு முதலில் கேட்கத் தோன்றுவது வேறு: ஒவ்வொரு புள்ளியையும் முடிவு செய்வது நானா, அதுவா? புகைப்படத்தைச் சுருக்கினாலும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அதை யாரும் பிக்ஸல் ஓவியம் என்று சொல்வதில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் யோசித்து வைத்த நிறம் இருக்க வேண்டும்.

தொடக்கத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. மெக்கின்டாஷின் சின்னங்களை சூசன் கேர் முதலில் கட்டம்போட்ட நோட்டில்தான் வரைந்தார். 1985இல் அமிகா கணினிக்கு டான் சில்வா எழுதிய டீலக்ஸ் பெயின்ட் வந்தது. வழக்கமான திரையில் ஒரே நேரத்தில் 32 நிறம்தான். அந்தத் தட்டுப்பாட்டுக்குள்ளும் ஒரு வித்தை இருந்தது: புள்ளி எதையும் நகர்த்தாமல், தட்டில் உள்ள நிறங்களை மட்டும் சுழற்றி அருவியை ஓட வைப்பது. வரைபவரின் கையை இயந்திரமே கட்டிப்போட்டிருந்தது. கட்டுக்குள் என்ன செய்யலாம் என்பதுதான் அன்றைய கலை.

என் தலைமுறைக்கு வாய்த்தது எம்எஸ் பெயின்ட். அதைக் கிண்டல் செய்வது சுலபம். ஆனால் அதன் பென்சில் நேர்மையானது. தொட்ட கட்டம் மட்டும் நிறம் மாறும், பக்கத்துக் கட்டத்தைத் தொடாது. எக்ஸ்பி காலத்துப் பெயின்டில் மூன்று தடவைக்கு மேல் பின்னால் போக முடியாது. மீசையை வைக்கும் முன் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும்.

போட்டோஷாப் நேர் எதிர். அதன் தூரிகை ஓரங்களை மழுப்பும். பெரிய படத்தில் அது அழகு. பதினாறு கட்டத்தில் பாரதி மீசைக்கு மொத்தமே ஆறேழு புள்ளிதான். ஓரத்தில் சாம்பல் படிந்தால் மீசை அழுக்காகிவிடுகிறது. பென்சில் கருவிக்கு மாறி, அளவு மாற்றும்போது நிறங்களைக் கலக்காத முறையைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். ஆனால் ஒவ்வொரு தடவையும் அதன் இயல்போடு மல்லுக்கட்ட வேண்டும்.

இப்போது பெரும்பாலோர் சொல்வது ஏஸ்ப்ரைட். டேவிட் கபெல்லோ 2001இல் தொடங்கியது. நிறத் தட்டை மையமாக வைத்தது இதன் பலம். தட்டில் சிவப்பை மாற்றினால் படத்தில் அந்தச் சிவப்பு இருக்கும் இடமெல்லாம் மாறும்படி வைத்துக்கொள்ளலாம். 'பிக்ஸல் பெர்ஃபெக்ட்' என்று ஒரு வசதி உண்டு: கோடு வளையும் இடத்தில் துருத்தும் மூலைப் புள்ளியை அதுவே எடுத்துவிடும். முண்டாசு மடிப்புக்கு அந்தத் துருத்தல்தான் எனக்கு வேண்டும், அதனால் அணைத்துவிடுகிறேன். சமச்சீர் வசதியும் அப்படியே. முண்டாசு வால் ஒரு பக்கம்தானே தொங்குகிறது!

2016இல் ஏஸ்ப்ரைட் தன் உரிமத்தை மாற்றியது. மூல நிரலை எடுத்து நமக்கு நாமே தொகுத்துக்கொள்ளலாம், பிறருக்குக் கொடுக்கக் கூடாது. பழைய கட்டற்ற பதிப்பிலிருந்து கிளைத்தது லிப்ரேஸ்ப்ரைட். கோடோ எஞ்சினில் எழுதப்பட்ட பிக்ஸலோராமா முழுக்க இலவசம். காசு இருந்தால் ஏஸ்ப்ரைட், இல்லையென்றால் பிக்ஸலோராமா என்பது என் தீர்ப்பு. திருட்டுப் பிரதிக்கு அலைய வேண்டிய காலம் முடிந்துவிட்டது.

இந்த ஒழுங்கு நமக்குப் புதிதில்லை. "15 புள்ளி, ஊடுபுள்ளி, 8 வரை" என்று சொல்லிவிட்டுத்தான் கோலமாவைத் தொடுவார்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் மூவரும் 1974இல் கோலங்களை அணி இலக்கணமாக எழுதிக்காட்டிய கட்டுரை கணினி வரைகலை ஆய்விதழில் வந்தது. முதலில் எல்லை, பிறகு கை என்பதை வாசலில் எப்போதோ தீர்மானித்துவிட்டார்கள். புதுக் கோப்பு திறக்கும்போது ஏஸ்ப்ரைட் கேட்கும் அகலமும் உயரமும் அந்தப் புள்ளிக் கணக்குதான்.

இன்று இந்த எல்லை தானாகக் கிடைப்பதில்லை, நாமே போட்டுக்கொள்ள வேண்டும். செயற்கை நுண்ணறிவிடம் "பிக்ஸல் பாரதி" என்று கேட்டால் சில நொடியில் தந்துவிடும். பெரிதாக்கிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு கட்டம் பெரிது, இன்னொன்று சிறிது, நேர்க்கோட்டில் நிற்காது. ஸ்டிக்கர் கோலத்தையாவது யாரோ ஒருவர் எங்கோ புள்ளி வைத்துப் போட்டிருப்பார். இதில் அதுவும் இல்லை.

அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்றுண்டு. தாடியோடு, கையில் கோலோடு இருக்கும் பாரதியின் புகைப்படத்தையும் நாம் பார்த்திருக்கிறோம். அந்த மனிதரைப் பதினாறு கட்டத்தில் போட்டால் யாருக்கும் அடையாளம் தெரியாது. முப்பத்திரண்டு வேண்டும், கண்ணுக்கு மட்டுமே நாலு புள்ளி செலவழிக்க வேண்டும். நமக்குப் பழகிய நாலு அடையாளங்களுக்கு வெளியே அவர் எவ்வளவு இருக்கிறார் என்பது வரைய உட்கார்ந்தால்தான் உறைக்கிறது. கேட்டதும் கிடைக்கும் படத்தில் முண்டாசுதான் திரும்பத் திரும்ப வரும். தாடிக்கு எத்தனை புள்ளி என்று நம்மைத் தடுமாற விடுகிற மென்பொருள் எதுவோ, அதையே தேர்ந்தெடுங்கள்.