விந்தைக் கதையும் விருதும்

வேதாளக் கதை கேட்டு வளர்ந்த நெகிரி செம்பிலான் தோட்டத்து மாணவன் விந்தைக் கதை எழுதியபோது, ஆசிரியராகிய நாம் அதனை இலக்கியமன்றென ஒதுக்கினோம். பரிசளிப்போர் போக்கும் அதுவே. 'என் இனிய இயந்திரா' எழுதிய சுஜாதாவுக்கு 1993இல் கிட்டிய இந்திய அரசின் தேசிய விருது, அறிவியலை மக்களிடையே பரப்பியமைக்கே, புனைகதைக்கன்று. சாகித்திய அக்காதெமிப் பரிசோ, 2008இல் அவர் மறையும் வரை எட்டவில்லை. அவர்தம் நகைச்சுவையும் வேகமும் தகுதிக்குறைவாகத் தோன்றின போலும்!

பிறநாடுகளில் இத்துறைக்கு வழிகாட்டியவர் அரசினரல்லர், வாசகரே. அமெரிக்காவில் 1953இல் தொடங்கிய ஹியூகோ பரிசும், ஜப்பானில் 1970இல் தோன்றிய செய்யுன் பரிசும் ஆண்டு மாநாட்டினர் வாக்கால் அமைபவை. நம் எழுத்தாளர் சங்கமும் தமிழ்ப்பள்ளி மாணவரைக் கூட்டி வாக்கெடுக்கலாம். பணமுடிப்புச் சிறிதாயினும் குறையில்லை.