கலந்து வைத்த இரைச்சல்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பிரஸ் ஷாப். "டைய மாத்துப்பா!" என்று சூப்பர்வைசர் குரல் கொடுக்க, பத்தடி தள்ளி நிற்கும் ஆபரேட்டர் தலையாட்டுகிறார். அந்த வார்த்தைகள் முழுசாக அவர் காதில் விழுந்திருக்காது. விட்டுப்போனதை உதட்டசைவும், இந்த நேரத்தில் மனுஷன் வேறென்ன சொல்லிவிடப் போகிறார் என்ற அனுபவமும் நிரப்பிவிடும். காது இரண்டாக இருப்பதும் உதவும்: பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி, தள்ளியிருக்கும் காதுக்கு ஒரு மில்லி நொடிக்கும் குறைவான தாமதத்தில் வந்து சேரும். அதை வைத்தே மூளை திசை பிரிக்கிறது. 1953இல் காலின் செரி என்ற ஆய்வாளர், காதுக்கு ஒன்றாக இரண்டு பேச்சுகளை ஹெட்போனில் கேட்கவைத்தார். கேட்டவர்கள் ஒன்றைச் சிரமமின்றித் தொடர்ந்தார்கள். மற்றதில் மொழி மாறியதைக்கூட அவர்கள் கவனிக்கவில்லை.

கலந்து ஒலிக்கும் குரல்களைப் பிரிக்க இயந்திரம் கற்பது வேறு வழியில். குரல் பிரிக்கும் ஆய்வில் 2016 முதல் பெரிதும் புழங்கும் தரவுத்தொகுப்பு, வால் ஸ்ட்ரீட் ஜர்னல் செய்திகளைச் சிலர் வாசித்த பதிவுகளை இரண்டிரண்டாகக் கணினியில் கலந்து செய்தது. கலப்பதற்கு முந்தைய தனிக்குரல்கள் கைவசம் இருப்பதால், இயந்திரம் பிரித்ததற்கு மதிப்பெண் போடலாம். ஆவடி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் பதிவு செய்தால் இந்த விடைக்குறிப்பு கிடைக்காது. ஆகவே இதை வெறும் குறுக்குவழி என்று தள்ள எனக்கு மனமில்லை. ஒரே மைக்கில் பதிந்த முன்பின் தெரியாத இரு குரல்களைப் பிரிப்பது வெகுகாலம் கைக்கு எட்டாத வேலை. இந்த முறையால்தான் சில ஆண்டுகளில் அது வசப்பட்டது.

ஆனால் அந்த வாசகர்கள் அமைதியான அறையில் உட்கார்ந்து படித்தவர்கள். இரைச்சலில் மனிதர் அப்படிப் பேசுவதில்லை. சத்தம் ஏறினால் குரல் உயரும், சுருதி ஏறும், உயிரெழுத்துகள் நீளும். குரல் உயர்வதை எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இலேயே சொல்லிவிட்டார். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் லாரி ஹாரன் அடித்தால் பேசுகிறவர் பாதியில் நிறுத்தி, மறுபடி சொல்வார். கணினியில் கலந்த குரல்களோ ஒன்றையொன்று கேட்டதே இல்லை. தகரக் கூரையின் எதிரொலியும் அங்கே கிடையாது. 2018இல் வீட்டு விருந்துகளில் இயல்பாகப் பேசியதைப் பதிந்து நடத்திய 'சைம்' என்ற பேச்சறியும் கணினிகளுக்கான போட்டியில், தொலைவு மைக்கை மட்டும் நம்பிய மிகச் சிறந்த அமைப்பே ஏறக்குறைய பாதிச் சொற்களைத் தவறவிட்டது. அதுவும் ஆங்கிலத்தில். தமிழும் இந்தியும் ஒடியாவும் கலந்து ஒலிக்கும் ஷாப் ஃப்ளோருக்கு என்ன மதிப்பெண் வருமோ!

மனிதக் காதைத் தூக்கிக் கொண்டாடவும் வேண்டாம். நம் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேர ஷிப்டுக்கு 90 டெசிபல் வரை அனுமதிக்கின்றன. வருடக்கணக்கில் அதில் நின்றவருக்கு முதலில் தேய்வது 4000 ஹெர்ட்ஸ் பகுதி. மெய்யொலிகள் பலவற்றின் தெளிவு அதைச் சுற்றித்தான். கூட்டத்தில் குரல் பிரிக்க முடியாமல் கடைசியில் காதுக்கருவியை நாடப்போவது அந்த ஆபரேட்டரேதான். செயற்கைக் கலவையில் வாங்கிய மதிப்பெண்ணைக் காட்டி அவருக்குக் கருவி விற்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

விடைக்குறிப்பை ஓரளவுக்கு ஷாப்பிலேயே தயாரிக்கலாம்: பேசுகிற ஒவ்வொருவர் காலரிலும் ஒரு மைக், தூணில் ஒன்று. காலர் மைக்கிலும் பிரஸ் சத்தம் கொஞ்சம் கசியும். மதிப்பெண் கணினிக் கலவையில் வருவதுபோல் துல்லியமாக இருக்காது. பதிவாகும் குரலாவது நிஜமாகக் கத்தியதாக இருக்கும்.